பாக்தாத், நுழைவுக்கட்டணம் நூற்றிருபது

கோத்தகிரி ரோட்டில் பனி விலகினால்
எங்கள் பாக்தாத் தெரியும்.
ஃபைபர் கும்மட்டங்கள் ஏழு.
ஒன்று போன ஆடிக்காற்றில் பறந்து
கீழே கேரட் தோட்டத்தில் விழுந்தது.
பெள்ளி கவுடர் அதை மல்லாத்தி வைத்து
மழைத்தண்ணீர் பிடிக்கிறார்.
ஆகவே ஆறு.

நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவள்.
ஜரிகை முக்காடு, நெற்றியில் தகரக்காசுச் சரம்.
வயிறு தெரியத் தைத்த உடுப்பு;
இந்தக் குளிரில் எவள் காட்டுவாள் என்று
தோல் நிறத்தில் ஒரு பனியன் தந்தார்கள்.
யாருடைய தோல் நிறமோ.
என் நிறமில்லை.

“அக்கா, நீங்க எந்த நாடு?”
திருப்பூர்ப் பிள்ளையொன்று கேட்டது.
எங்கள் அப்பாவின் காகிதங்களில்
கப்பல் ஏறும்வரை ஒரு நாடு,
இறங்கியபின் ஒரு நாடு.
தேயிலை லயத்தில் பிறந்த என்னை
பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும்
சிலோன்காரி என்பார்கள்.
“பாக்தாத்” என்றேன்.
பிள்ளை உடனே நம்பிவிட்டது.

சுவர் எழுத நெய்னா வந்தான்,
காயல்பட்டினத்து போர்டு பெயிண்டர்.
பெங்களூர் டிசைனர் சொன்னார்:
“அரபி மாதிரி இருக்கணும். அரபி வேண்டாம்.
வளைவு, புள்ளி, வளைவு, அவ்வளவுதான்.
அர்த்தம் வந்தால் வம்பு.”
ஓதிப் பழகிய கைக்கு
வெறும் வளைவு வரவில்லை.
இறைவன் சொல்லையும் எழுத மனமில்லை:
ராட்டினத்தில் இறங்கியவர்கள்
வாந்தி எடுப்பது இந்தச் சுவரோரம்தான்.
அரை நாள் ஏணியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.
பிறகு மளமளவென்று, தங்கப் பெயிண்டில்,
ஆளுயரத்துக்கு எழுதினான்.
முதலாளி தள்ளி நின்று பார்த்து
“இதுதான்யா பாக்தாத்” என்றார்.

இரண்டு சீசன் போனது.
தேனிலவு ஜோடிகள் அதன்முன் படம் எடுத்தார்கள்.
காதல் கவிதை என்றான் ஒரு மாப்பிள்ளை.
ஈரோட்டுக்காரர் ஒருவர்
எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

மே மாதத்தில் ஒரு கல்யாணக் கூட்டம்,
தென்கடற்கரைப் பக்கமிருந்து, இரண்டு வேன்.
அதில் ஒருத்தி சுவர்முன் நின்றாள்.
உதடு மெல்ல அசைந்தது.
எழுத்துக் கூட்டினாள்.
பிறகு ஒட்டகத்தின் சிமெண்டுக் குளம்பில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
“எழுத்துதான் அரபு, பேச்சு நம்ம பேச்சு.
எங்க வீட்டுப் பழைய கிதாபெல்லாம் இப்படித்தான்.
அரபில் இல்லாத ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும்
புள்ளி வைக்க மறக்கல, பாரு” என்று
எனக்கு வாசித்துக் காட்டினாள்:

*மூணு மாசக் கூலி பாக்கி.
பெயிண்டும் என் காசு.
கும்மட்டத்துக்குள்ள ஒண்ணும் இல்ல.*

நான் யாரிடமும் சொல்லவில்லை.
நெய்னா இப்போது ஷார்ஜாவில்,
ஒரு ஹோட்டல் சுவரில்
தென்னை, யானை, படகு வரைகிறானாம்.
இந்தியா மாதிரி இருந்தால் போதும் என்றார்களாம்.

இந்த வருஷம் பார்க்கில் புதுசு வருகிறது:
தோடர் குடில் ஐஸ்கிரீம் கடை.
வளைந்த கூரை ஃபைபரில் வந்து இறங்கிவிட்டது,
கறுப்பும் சிவப்புமாய்ப் பூவேலை ஸ்டிக்கரில்.
ராட்டினம் ஓட்டும் முத்தநாடு மந்துப் பையன்
டீ கிளாஸோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
வாசல் ஆறடி.
“குனியாமலா உள்ளே போவாங்க?” என்றான்.
டிசைனர் கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.
அவன் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு
ராட்டினத்துக்குப் போய்விட்டான்.

ஐந்தரைக்குப் பனி ஏறும்.
ஒட்டகம் மறையும், பிறகு கும்மட்டம்,
பிறகு நான் இருக்கிற வாசல்.
சுவரில் தங்கம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.
சரத்தைக் கழற்றிக்கொண்டே வாசிப்பேன்,
எழுத்துத் தெரியாமல், மனப்பாடமாய்.
மூணு மாசக் கூலி பாக்கி.

எனக்கு இரண்டு.