வாயால்

மாளிகைக்காட்டுச் சாவென்றால்
காலையில் இறக்கிய கதிரை அறுபதும்
மஃரிபுக்கு முன்னம் திரும்பி வந்துவிடும்.
எங்கட பக்கம் எட்டு முடியுமட்டும் கிடக்கும்,
ஒன்றிரண்டு கால் முறியும்.
அவங்களுக்குத் துக்கம் சுருக்கு என்றுதான்
கதிரை எண்ணுகிறவன் கணக்கில்
நான் நினைத்திருந்தேன்.

பள்ளி முற்றத்தில், தொழுகைக்கு முன்,
உதுமாலெவ்வையின் மகன் முபீத்
சந்தூக்கின் தலைமாட்டில் நின்று சொன்னான்:
"வாப்பா ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா
என்னட்டக் கேளுங்க. நான் பொறுப்பு."

எனக்கு வரவேண்டியது எட்டாயிரத்து நானூறு.
மகளின் கலியாணப் பந்தல்;
பெருநாள் கழியத் தருகிறேன் என்றவர்.
மதிலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.
பேசவில்லை.
செத்தவீட்டில் காசு கேட்கிறவனுக்கு
காரைதீவில் ஒரு பெயர் உண்டு.
அது பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

நாலாம் நாள் முபீத் கொப்பியோடு வந்தான்.
வாப்பாவின் சரிந்த கையெழுத்து:
கதிரைக்காரர், 8400.
"அண்டைக்கு நிண்டீங்கதானே, ஏன் சொல்லல்ல?"
"விடு தம்பி" என்றேன்.
அவன் முகம் கறுத்தது.
"உம்மா உங்களக் கூட்டி வரச் சொன்னா."

திரைக்கு அந்தப்பக்கம் இத்தாவில் இருந்தா.
வெள்ளைச் சீலையின் கரை மட்டும் தரையில்.
"மரியாதைக்குத்தான் பேசாம நிண்டீங்க, விளங்குது.
ஆனா கடன்காரர்ர றூஹு
நடுவழியில தொங்கிக்கிட்டு நிக்கும்.
காச எடுங்க. இல்லாட்டி
விட்டுட்டன் எண்டு வாயால சொல்லுங்க.
மனசுல விட்டத நாங்க எப்படிக் கேக்கிற?"

சொன்னேன்.
தொண்டை அடைத்ததால் இன்னொரு தரமும் சொன்னேன்.
திரை அசைந்தது.
பிறகுதான் அவ அழுதா,
இவ்வளவு நாளும் அதற்கு
நேரம் இல்லாதவ போல.
நாலு மாதம் பத்து நாள்,
கதிரை தேவைப்படாத துக்கம்;
என் கணக்கில் எங்கே எழுதுவது?

மாசியில் அண்ணன் போனார்.
பறைமேளம் ஓய்ந்த ஒரு இடைவெளியில்,
பாடை தூக்க முன்னம், கேட்டுவிட்டேன்:
"அண்ணன் ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா
என்னட்டச் சொல்லுங்கோ."
சனம் நிலத்தைப் பார்த்தது.
மாமா என் முழங்கையை நெரித்தார்:
"விசரா உனக்கு? செத்தவன்ட மானம்."
சேமக்கலத்தை ஓங்கி அடித்தார்கள்
நான் சொன்னதன் மேலே.

எட்டுச் சடங்கு இரவு,
எச்சில் இலையை நாய்கள் இழுக்கும் நேரம்,
டயர் ஒட்டுகிற கனகசூரியம் வந்து
கேட்காமலே கதிரை அடுக்கத் தொடங்கினான்.
ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து.
பதினோராவதைக் கையில் வைத்துக்கொண்டு,
என்னைப் பாராமல்,
"மூவாயிரம்" என்றான்.