அற்றோர்ணித் தத்துவம்

காசோலை திரும்பி வந்தது.
"கையொப்பம் பொருந்தேல்லை" என்று
வங்கிப் பிள்ளை மெதுவாகத்தான் சொன்னாள்.
ஜெற்றியில் முப்பத்தொரு வருசம்
கோதுமைக் கப்பலுக்குக் கணக்கெழுதி
ஒவ்வொரு தாளின் அடியிலும்
வால் வைத்த மீன்போல ஒரு மெல்கியோர் போட்ட மனுசன்,
தன் கை தனக்கெதிராகச் சாட்சி சொன்னதைக்
கேட்டுக்கொண்டு நின்றார்.
உட்துறைமுக வீதி வரை பேச்சில்லை.
பிறகு,
"அந்த மீன் இப்ப நீந்துது" என்றார்.
சிரிக்கலாமா என்று முகத்தைப் பார்த்தேன்.
சிரிக்கக் கூடாது.

நொத்தாரிசு யோகாம்பிகையின் கந்தோர் மாடியில்.
பதினாறு படி. என் தோளைப் பிடிக்கவில்லை,
சுவரைப் பிடித்து ஏறினார்.
அற்றோர்ணித் தத்துவம் என்றார்கள்.
தத்துவம் என்றால்
தவக்காலத்தில் சுவாமி சொல்வது என்றிருந்தேன்.
இது முத்திரை ஒட்டின தத்துவம்,
நாலு பக்கம்.

அவ வாசித்தா:
என் பெயராலும் என் சார்பிலும்
வாங்கவும் விற்கவும் ஈடு வைக்கவும்
குத்தகைக்குக் கொடுக்கவும் வாடகை அறவிடவும்
வைப்பிலிடவும் மீளப் பெறவும்
வழக்காடவும் சமாதானமாகவும்
என் மனைவி மேரி கொன்சலாவை...
முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு
சமாதானமாக எனக்கு
எழுத்தில் அனுமதி.

"நில்லுங்கோ" என்று கையைத் தூக்கினார்.
நடுங்குகிற கைதான்,
தூக்கினது தூக்கினதுதான்.
"விற்கவும் எண்டதை வெட்டுங்கோ."

யோகாம்பிகை பேனையை மூடி வைத்தா.
ஜன்னலுக்குக் கீழே ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுப்பார்சல் தாளை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.
என்னென்ன எழுதியிருந்ததோ அதில்.

பாலையூற்று இருபது பேர்ச் காணியின் உறுதியைப்
பால்மா டின்னுக்குள் போட்டு
வயிற்றோடு சேலையில் கட்டி
தொண்ணூறில் காட்டுவழியே நடந்தது நான்.
அவர் அப்போது கொழும்பில் அகப்பட்டிருந்தார்.
திரும்பி வந்து
உள்ளே குடியிருந்தவனோடு ஆறு வருசம் கோட்டுக்கு அலைந்தது நான்.
சின்னவளின் கலியாணத்துக்கு ஈடு வைக்க
ஆள் பிடித்தது, வட்டி பேசினது, மீட்டது.
கடைசியில் பேனையைக் கொடுத்து
இந்த இடத்தில் போடுங்கோ என்று
விரல் வைத்துக் காட்டினதும் நான்தான்.
தத்துவம் ஒன்றும் அப்போது தேவைப்படவில்லை.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"விற்க மாட்டாள் எண்டு எழுதிப்போட்டு
நம்புறதுக்கு என்ன இருக்கு?
விற்கலாம் எண்டு எழுதிப்போட்டு நம்புங்கோ"
என்றேன்.

மின்விசிறியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
சாப்பாட்டு நேரம் வேறு.
"சரி, இருக்கட்டும்" என்றார்.
நம்பினாரோ களைத்தாரோ தெரியாது.
இரண்டுக்கும் அவரிடம் ஒரே குரல்.

சாட்சிக்கு ஓட்டோ றம்சீன் ஏறி வந்தார்,
கீழ்க்கடைப் போட்டோக்கொப்பிப் பெடியனும்.
"இவரைத் தெரியுமா?"
"பன்னிரண்டு வருசமா ஏத்தி இறக்கிறன், மிஸ்."

பேனை வேண்டாம் என்று அவரே சொன்னார்.
இடது பெருவிரலை நீட்டினார்,
மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு,
ஊசி போட நீட்டுகிறமாதிரி.
நான் பிடிக்கவில்லை. யோகாம்பிகைதான் பிடித்து உருட்டினா.
அந்த மை
றம்சீனின் சீற்றிலும் என் சேலைக் கரையிலும்
பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையிலும் இருந்தது.
தேய்க்கத் தேய்க்க நீலமாகப் பரவியது.

திங்கட்கிழமை வங்கிக்குத் தனியே போனேன்.
அதே பிள்ளை.
"மாதிரிக் கையொப்பம், அம்மா. மூண்டு இடத்தில."
கலியாணப் பதிவுக்குப் பிறகு
என் பெயரை முழுசாக நான் எழுதினது எப்போது?
கொன்சலா. கொன்சலா. கொன்சலா.
முதலாவது பள்ளிக்கூடத்துக் கொப்பி,
இரண்டாவது சரிந்துபோய்,
மூன்றாவதின் கடைசிக் கால்
பெட்டிக்கு வெளியே ஓடிவிட்டது.

"பரவாயில்லை அம்மா.
அடுத்தமுறையும் இதே மாதிரிப் போட்டால் சரி."

"எது மாதிரிப் பிள்ளை?"