பதினைந்து மதிப்பெண்

கேள்வி பதினேழு: ஸ்டீபனுக்கும் மெட்டில்டாவுக்கும்
இடையே நடந்த அரியணைப் போட்டியை விவரி.
கிருஷ்ணகிரி ஆண்கள் கலைக் கல்லூரி, அறை ஒன்பது,
தொலைதூரக் கல்வி, மூன்றாம் ஆண்டு.
மின்விசிறி சுற்றுகிறது. காற்று இன்னும் வந்து சேரவில்லை.

எழுதத் தொடங்கினேன்.

முதலாம் ஹென்றியின் மகன் கடலில் போனான்.
மகள் ஒருத்தி மிச்சம்.
எனக்குப் பின் இவள் என்று
பிரபுக்களை நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினான்,
ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப.
திரும்பத் திரும்ப வாங்கும் சத்தியத்தில்
வாங்குபவனுக்கே நம்பிக்கை இல்லை.
இதை எழுதவில்லை. பாடத்தில் கிடையாது.

வைத்தியர் வேண்டாமென்ற விலாங்கைத் தின்று
ஹென்றி செத்ததாகச் சொல்வார்கள்.
காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டி மாதையன், என் அப்பா,
சர்க்கரை முந்நூற்றெண்பதில்
செந்தூரா ஆறு தின்றார்,
ஏழாவது கையில் இருந்தது.
தரகர்களைக் கற்பூரத்தின் மேல் கையடிக்க வைத்தவர்தான் அவரும்.
முதலில் அடித்தவன் என் அத்தை மகன் திம்மராயன்.

ஸ்டீபனும் அத்தை மகன்தான்.
அங்கே அதற்கு முறை கிடையாது.
இங்கே உண்டு.
"அவனையே கட்டியிருந்தா
மண்டியும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டுல"
என்று பாலூற்றும் அன்றே ஒரு சித்தி கணக்குப் போட்டாள்.

மாமன் உடல் அடக்கமாகும் முன்பே
ஸ்டீபன் முடி சூடினான்.
திம்மராயன் மரியாதை தெரிந்தவன்.
சாம்பல் ஆறும்வரை காத்திருந்து
பிறகுதான் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினான்.

சாகும் நேரத்தில் ராஜா மனம் மாறினார் என்று
அங்கே ஒரு பிரபு சாட்சி சொன்னான்.
இங்கே சொன்னது கணக்குப்பிள்ளை வேடியப்பன்.
தருமபுரி ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து
"பொம்பளைக்கு லாரிக்காரன் பதில் சொல்லமாட்டான்,
அவனே பார்க்கட்டும்" என்றாராம்.
மாஸ்க்குக்குள் இவ்வளவு நீளமான வாக்கியம்.

பக்கம் திருப்பினேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. ஆக்ஸ்ஃபோர்டு கோட்டை முற்றுகை.
வெள்ளைத் துணி போர்த்தி, மூன்று நான்கு வீரர்களோடு
உறைந்த தேம்ஸைக் கடந்து போனாள் மெட்டில்டா.
பனி நான் பார்த்ததில்லை.
பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறை வாசலில்
எருக்கு, வேலி, படுத்திருக்கும் நாய் எல்லாம் வெளுத்திருக்கும்,
அதை வைத்துக்கொண்டேன்.
ஆற்றுக்குக் கற்பனை தேவைப்படவில்லை.
உறைந்தாலும் நடந்து கடக்கலாம்,
வறண்டாலும் நடந்து கடக்கலாம்.
வைகாசித் தென்பெண்ணையில் நடுராத்திரி நான் நடந்தேன்,
அப்பாவின் வேட்டியில் சுற்றிய பேரேடு இடுப்பில்.
எந்தத் தோப்புக்கு எவ்வளவு முன்பணம் என்பது அதில்.

சாவி அவனிடம். பேரேடு என்னிடம்.
பூட்டிய மண்டி முன் ஒரு லோடு பெங்களூரா
மூன்று நாள் நின்று, அழுகி, ஈ மொய்த்தது.
எங்கள் உள்நாட்டுப் போர் அவ்வளவுதான்.
அங்கே பதினெட்டு வருடம், ஊர்கள் எரிந்தன.
குடியானவன் இரண்டு இடத்திலும் நஷ்டப்பட்டான்.

முடிவு: உடன்படிக்கை.
ஸ்டீபன் சாகும்வரை ஆளலாம்,
பிறகு மெட்டில்டாவின் மகன்.
அதே உடன்படிக்கை முத்திரைத் தாளில்
வெளியே வேப்பமரத்தடியில் என் பைக்குள் இருக்கிறது.
திம்மராயன் நடத்தட்டும், பையன் தலையெடுத்ததும் அவனுக்கு.
பையன் மூன்றாம் வகுப்பு.
தாத்தா பெயரைச் சுருக்கி மாதேஷ்.
கையெழுத்து இன்னும் போடவில்லை.

அவள் கல்லறையில்
ஹென்றியின் மகள், மனைவி, தாய் என்று வெட்டினார்களாம்.
அப்பன், முதல் புருஷன், பெற்ற பிள்ளை, மூவரும் ஹென்றி.
அவள் பெயருக்குக் கல் போதவில்லை போல.
கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரி நான்.
இந்த இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

கண்காணிப்பாளர் குனிந்து சொன்னார்:
"பதிவு எண் மட்டும்மா. பேர் எங்கேயும் எழுதிடாதே,
எழுதினா பேப்பர் செல்லாது."
சரி சார் என்றேன்.
பக்கம் முழுக்க மெட்டில்டா, மெட்டில்டா.
அடிக்கோடு போட ஸ்கேல் தேடினேன்.
கூடுதல் தாள் ஒன்று கேட்டேன்.