நீலம் ஒட்டாத காது

யானைக்கல்லில், பூட்டுக்கடை மாடியில்
தங்கமாயன் பட்டறை.
சுவரில் லைசென்ஸ். அதற்குக் கீழே
போலீஸ் வந்து எண்ணிப் பார்க்கும் பேரேடு.
அதற்கும் கீழே லேத்.

"வலது கைன்னா ஆறு ஆக்‌ஷன் காட்டுவேன்.
பீச்சாங்கைக்கு ரெண்டுதான்.
ஒண்ணு வெலை கூட.
இன்னொண்ணு பதினாலு மாசம் கூட."

பதினோரு வருஷம்
வலக்கைக்காரன் துப்பாக்கியில் சுட்டவள் நான்.
ஒவ்வொரு குண்டுக்கும் கன்னத்தை எடுத்து
கையை மறுபக்கம் வளைத்து
போல்ட்டை இழுத்துத் தள்ளி
திரும்பக் கன்னம் வைத்து, திரும்ப மூச்சைத் தேடி.
அறுபது குண்டுக்கு அறுபது தடவை
என் வீட்டுக்குள் நானே கதவைத் தட்டிப் போனேன்.
மூன்று புள்ளியில் தோற்ற அன்று
கோச் சொன்னார்: "கையை மாத்திப் பழகியிருக்கலாம்."
சில்லறை நீட்டினால்
ஆரப்பாளையம் பஸ் கண்டக்டரும் அதைத்தான் சொல்கிறார்.

பதினாலு மாசத்தை எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய்த் துணியில் சுற்றி வந்தது
ஒன்றரைச் சாண் எஃகு.
கைப்பிடி இடப்பக்கம்.
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
தங்கமாயன் இருமிய பிறகுதான் நிறுத்தினேன்.

அடுத்து குழல்.
"செருகி ஆணி அறைஞ்சிரலாம்.
பொறவு பிரிக்கணும்னா ரெண்டும் அழும்.
நட்டு வச்சா முன்னப் பின்ன நகட்டிக்கலாம்,
தப்பு நடந்தாலும் திருத்திக்கலாம்.
தோள் வெட்டி மரையேத்துனா
உக்கார்ற எடம் ஒண்ணே ஒண்ணு.
நூறு தடவ கழட்டி மாட்டுங்க, அங்கனதான் உக்காரும்."

நான் பல் செய்கிறவள்.
அண்ணா நகர் லேபில்
முகம் தெரியாதவர்களின் கடைவாய்க்கு உறை கடைகிறேன்.
மாவுக்கல் தாடைக்கு நடுவே
நீலத்தாள் வைத்துக் கடிக்க விடுவேன்.
மேடு எதுவோ அங்கே நீலம் ஒட்டும்.
அதை மட்டும் தேய்க்க வேண்டும்.
நகட்டிக்கொள்ளும் பல்லை
இதுவரை யாரும் கேட்டதில்லை.

"தோள்" என்றேன்.

மூன்றாம் வாரம் போனபோது
மூட வேண்டிய கேஜில் போல்ட் மூடியது.
மூடக் கூடாத கேஜில்
பாதியில் நின்று, மாட்டேன் என்றது.
தங்கமாயன் பருத்திப்பாலுக்கு ஆள் அனுப்பினார்.

"காதுல மை தடவிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துத்தான்..."
சொல்லிக்கொண்டே மை பாட்டிலைத் தேடினார்.

போல்ட்டின் இரண்டு காதுக்கும் நீலம்.
மூடித் திறந்தோம், பத்துத் தடவை.
கீழ்க்காதில் மை தேய்ந்து எஃகு பளபளத்தது.
மேல்காது
பூசிய நீலம் பூசியபடி,
கல்யாண வீட்டில் கைகட்டி நிற்கும் சம்பந்தி மாதிரி.
வெடிப்பின் மொத்த உதையையும்
ஒற்றைக் காது வாங்கப் பார்த்திருக்கிறது.

தங்கமாயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"காதைத் தேய்ச்சா போல்ட் பின்னுக்குப் போகும்.
போனா கேஜ் மாறும்.
மாறுனா தோள மறுபடி வெட்டணும்."
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
"நட்டுன்னா ஒரு திருகுல முடிஞ்சிருக்கும்."
அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது
வருத்தமா சந்தோஷமா, எனக்குப் பிடிபடவில்லை.

போட்டிக்கு ஒன்பது நாள்.
பழைய துப்பாக்கி இருக்கிறது, பழைய வளைசலும்.
அதிலேயே சுடுகிறேன் என்றேன்.
இதற்கு அவசரமில்லை.

பருத்திப்பால் ஆறி ஆடை கட்டியிருந்தது.
அவர் பேரேட்டில் தேதி எழுதி,
தேய்ப்புப் பசையைத் திறந்து
டப்பாவை என் பக்கம் தள்ளினார்.
"பல்லுக்குத் தேய்க்கிற கை. நீங்களே தேயுங்க,
நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.
மேசை விளக்கு இடப்பக்கம் இருந்தது,
எப்போதும் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி.
என் கையின் நிழல் வேலையின் மேல் விழுந்தது.

ஒன்றும் சொல்லாமல்
ஒயரைக் கால்விரலால் விலக்கி
விளக்கைத் தூக்கி
வலப்பக்கம் வைத்தார்.