வெளிறிய செங்கல்

சிரித்தார்கள் என்று அடித்தேன்,
அடைப்புக்குறிக்குள். அதுதான் விதி.
யார், எவ்வளவு நேரம், எந்தப் பல் தெரிய
என்பதற்கெல்லாம் என் இயந்திரத்தில் விசை கிடையாது.

ஓஹாயோ. மாவட்ட நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஹீட்டர் பழுது; கோட்டைக் கழற்றாமலே எல்லோரும்.
பதினான்கு மாதமாய் நடக்கிற வழக்கு:
முலாம் பூசும் ஆலை, அதன் பின்னால் ஓடை,
ஓடையில் இரவில் மட்டும் தெரிந்த பச்சை ஒளி.
பேய் என்றது ஊர்.
மேலாளர் ராய்ஸ் டெட்வைலர் இல்லையென்று சொல்லவில்லை.
ஹாலோவீனுக்கு டிக்கெட் போட்டு
டிராக்டரில் பிள்ளைகளை ஏற்றிப்போய்க் காட்டினார்.
சுடச்சுட ஆப்பிள் சாறு இலவசம்.

இன்று குழாயின் வரைபடம் வந்தது.
கையெழுத்து, தேதி, வால்வு திறக்கும் மணி.
கூண்டில் ஒரு கணம் பேச்சில்லை.
பிறகு இரு கைகளையும் விரித்து
அந்த வசனத்தைச் சொன்னார்.

எதுவென்று உங்களுக்குத் தெரியும்.
சனிக்கிழமைக் காலைகளில்
முகமூடி உருவப்பட்ட ஒவ்வொருவனும்
விலங்கு மாட்டிய கையோடு முணுமுணுப்பது.
துப்பறிந்த பிள்ளைகளை, கூட வந்த நாயை நொந்துகொள்வது.
டி-ஷர்ட்டில் இருக்கிறது, காபிக் கோப்பையில் இருக்கிறது.
என் பல் மருத்துவர் சொத்தையைக் கண்டதும் சொல்வார்.
தேர்தலில் தோற்ற ஷெரீஃப் மேடையிலேயே சொன்னார்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு
கீத்கூட.

நீதிபதி சிரித்தார். வாதியின் வக்கீல் சிரித்தார்,
வாசலில் நின்ற காவலர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.
நானும்தான். விரல் மட்டும் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.
முடிந்தது:
பிரதிவாதி இருந்த நாற்காலியில் இப்போது
நம்மோடு அதே கார்ட்டூன் பார்த்து வளர்ந்த ஒருத்தர்.
முகமூடியைத் தானே கழற்றி
கையில் கொடுப்பவரை யார் பிடிப்பது?

எனக்கும் வெண்டலுக்கும் அப்போது ஒரு பந்தயம்.
துரத்தல் நடக்கும் தாழ்வாரத்தில்
ஒரே விளக்கு, ஒரே சட்டமிட்ட படம், மறுபடி அதே விளக்கு.
வரைந்தவர்கள் மிச்சம் பிடித்தார்கள், நாங்கள் எண்ணினோம்.
ஆனால் சுவரில் ஏதோ ஒரு செங்கல்
மற்றவற்றைவிட ஒரு பிடி வெளிறியிருக்கும்.
அதுதான் நகரும். பொய்த்ததே இல்லை.
சுவரை ஒருத்தர் தீட்டுவார், அசையப்போவதை இன்னொருத்தர்;
இரண்டு டப்பா, இரண்டு சாயம்,
எவ்வளவு எளிதாகக் காட்டிக்கொடுத்தது.
முதலில் "அதோ!" என்பவருக்கு
மற்றவர் கிண்ணத்தில் மிதக்கும் மார்ஷ்மெல்லோ எல்லாம்.
வெண்டல்தான் ஜெயிப்பான்,
இரண்டு வயது சின்னவன்.

வெண்டல் அந்த ஆலையில் இரவு ஷிப்ட்.
வால்வு தானாகத் திறக்காது.
நான் கேட்டதில்லை. அவன் சொன்னதில்லை.
இந்த வழக்கு என் மேசைக்கு வந்த அன்றே
ஒரு படிவம் நிரப்பியிருக்க வேண்டும்,
அதையும் செய்யவில்லை.
நன்றி நவிலும் நாளில் வான்கோழியின் கால் ஒன்றை
எனக்கென்று எடுத்துவைத்திருந்தான்.

இரவு, சமையலறை மேசையில், ஒலிப்பதிவை ஓட்டிச் சரிபார்க்கிறேன்.
சிரிப்பு பதினொரு விநாடி.
ஏழாவது விநாடியில், அதன் அடியில்,
சின்னதாக ஓர் உலோகச் சத்தம்.
சாவி என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன்.
மூன்றாம் வரிசை, ஓபல் ஹெண்டர்ஷாட்.
ஓடைத் தண்ணீர் குடித்த நாயின் கழுத்துப்பட்டை
அவர் கைப்பையில் இருக்கிறது;
முதல் நாள் சாட்சியத்தில் எடுத்துக் காட்டினார்,
பெயர்த்தகடு மேசையில் பட்டு இதே மாதிரி ஒலித்தது.
எல்லோரும் சிரிக்கையில் அவர் பையைத் திறந்திருக்கிறார்.
அல்லது மூடியிருக்கிறார்.

சிரிப்பு என்று எழுதிய அடைப்புக்குறியை அழித்தேன்.
என்ன போடுவது என்று தெரியவில்லை.
கர்சர் மின்னுகிறது.
பதினொன்றே முக்கால், அவன் ஷிப்டில் இடைவேளை.
மேசையில் எல்லாம் அப்படியே இருக்க
செல்போன் மட்டும் வெளிச்சம் போட்டு,
அதிர்ந்து,
மெல்ல நகர்கிறது.