சைபர்

மௌதியை நான் ஒருநாளும் தொட்டு அளந்ததில்லை.
ஹவல்லிக் கடைக்குள் ஒரு பச்சைத் திரை.
அந்தப் பக்கம் அவளும் லீலாவதியும்,
இந்தப் பக்கம் நானும் நோட்டும்.
லீலாவதி கண்டிக்காரி. எண்களைத் தமிழில் சொல்வாள்:
மார்பு முப்பத்திநாலு. இடுப்பு இருபத்தேழு.
எண்பத்திரண்டில் எழுதியது. மை இன்னும் நீலமாகவே இருக்கிறது.

அப்போது கல்யாண வீடுகளில்
பெண்கள் மட்டும் கேட்கப் பாடினாள்.
ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் குரல் தெரியாது.
மீதிப்பேர் அதை வீட்டு ஆண்களுக்குப்
பாடிக்காட்ட முடியாமல் தவித்தார்கள்.

பாடுகிறவளுக்கு விலாவில் இரண்டு விரல் தளர விடவேண்டும்,
மூச்சு வந்து உட்கார.
எனக்கு அது தெரியாது.
முதல் உடுப்பு மேல்ஸ்தாயியில் பிரிந்துவிட்டது.
திரைக்கு அப்பால் கால்மணி நேரம் அரபி வசவு;
லீலாவதி மொழிபெயர்த்தாள்:
"அம்மாவுக்குக் கோபம்."

பிறகு டிவி. ரமலான் மாதத் தொடர்கள்.
ஏழை விதவைக்காகப் புதுத்துணியைச்
சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கிழித்தேன், இரட்டைக் கூலி.
ஊமை மனைவிக்கு
"பிடிப்பாகத் தை" என்று டைரக்டர் சொல்லி அனுப்பினார்.
தைத்தேன். அந்த வருஷம் அவளுக்கு விருது.

தொண்ணூறு ஆகஸ்ட்.
நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ஜோர்டான் எல்லையில் பதினெட்டு நாள்.
தண்ணீர் வரிசையில் யாருடைய டிரான்சிஸ்டரிலோ அவள்,
கெய்ரோவிலிருந்து.
எல்லோரும் அழுதார்கள்.
எனக்கு மட்டும் மூச்சு எங்கே முட்டுகிறதென்று கேட்டது:
யாரிடமோ கடன் வாங்கிய உடுப்பு.

திரும்பி வந்தோம், அவளும் நானும்.
மார்பு முப்பத்தெட்டு. நாற்பது.
கதாநாயகி, அண்ணி, மாமியார்.
நோட்டு மூன்றாவது அட்டை போட்டது.

ஒரு ஜனவரியில் லீலாவதி
"மார்பு" என்று சொல்லி நிறுத்தினாள்.
"வலப்பக்கம் மட்டும் எழுதுங்க அண்ணே."
இடப்பக்கம்?
நான் கேட்கவில்லை. பென்சில்தான் நின்றது.
திரை அசையவில்லை.
பிறகு அவளே சொன்னாள்:
"சிஃப்ர்."
நம் சைபர்தான்.
இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக
நடுவில் லீலாவதி தேவைப்படவில்லை.

பஞ்சு மட்டும் வைத்தால் எடை நிற்காது.
இரண்டு பிடி கடுகு சேர்த்தேன்.
தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து, நாலு இரவு.

பிப்ரவரிக் கச்சேரியைக் கடை டிவியில் பார்த்தோம்.
கடைசி வரியில் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.
அரங்கமே எழுந்தது, பக்கத்துக் கடை மலையாளியும் எழுந்தான்.
நான் இடது தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லீலாவதி வந்து
பாக்கி ஏழு தினாரை மேசையில் வைத்தாள்.
அடுத்ததற்கு
விலாவில் இன்னும் ஒரு விரல் விடவேண்டுமாம்.