தட்டின் ஓரம்

முப்பத்தாறு வயதிலும்
தட்டின் ஓரத்தில் ஒரு அகதி முகாம் வைத்திருந்தேன்.
வெங்காயம் அங்கே ஒதுங்கும்.
தக்காளித் தோல், கத்தரிக்காயின் விதை,
பெயர் தெரியாத பச்சை எதுவும்.
மிச்சத்தை நான் சாப்பிடுவேன்.
மிச்சம் என்பது அநேகமாகச் சோறு.

பேர்ன் நகரத்து மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எட்டு வருட இரவு வேலை.
இரண்டு மணி இடைவேளைக்கு
மூன்று பேர் ஒரே மேசையில் டப்பாக்களைத் திறப்பார்கள்.
நான் சுவரைப் பார்த்தபடி
அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுக்கொண்டிருப்பேன்.
"சேந்தன், இங்கே வாயேன்" என்பாள் ரெகுலா.
"வயிறு சரியில்லை."
எட்டு வருடமாகச் சரியில்லாத வயிற்றோடு
ஒருவன் உலாவுவது
மருத்துவமனையிலேயே யாருக்கும் சந்தேகம் தரவில்லை.

நவம்பரின் நாலாவது திங்கள்.
ஐந்தரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தால்
பெஸ்னிக் என் கையைப் பிடித்துக்கொண்டான்.
எங்கே என்றேன்.
சந்தைக்கு என்றான்.
என்ன சந்தை என்று கேட்கவில்லை.
மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

நாடாளுமன்றத்துக்கு முன்னால், இருட்டில்,
விளக்குக்கு விளக்கு
வெங்காயம்.
சிவப்பும் வெள்ளையும் மாற்றிப் பின்னி
காய்ந்த பூக்கள் செருகி
கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட சடைகள் மாதிரி
நூறு, இருநூறு, எண்ணவில்லை.
நான் நின்றேன்,
கடன் கொடுத்தவர்கள் எல்லோரையும்
ஒரே தெருவில் கண்டவனைப்போல.

எங்கள் பேச்சில்
ஒன்றுக்கும் உதவாததற்கு வெங்காயம் என்று பெயர்,
உரித்தால் உள்ளே எதுவும் இல்லை பார் என்று
அரைகுறை ஜெர்மனில் செகாயிடம் விளக்கினேன்.
அவன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான்.
"ஒன்றுமில்லாததற்கா
இந்தக் குளிரில் இத்தனை பேர்?"

வெங்காயக் கேக் ஆவியோடு வந்தது.
ரெகுலா நகக்கண் அளவுக்கு ஒரு மூலையைக் கிள்ளினாள்.
"பிடிக்காவிட்டால் துப்பு" என்று
ஒரு கடதாசியை விரித்து
என் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்,
அத்தனை பேருக்கு நடுவில், வெட்கமே இல்லாமல்.
அந்தக் கடதாசிக்காகத்தான்
வாயைத் திறந்தேன்.

முதலில் வெண்ணெய்.
பிறகு சீரகம் மாதிரி ஏதோ.
பிறகு அது.
நறுக்கென்று எதிர்க்கும் என்று பல்லை இறுக்கி வைத்திருந்தேன்.
எதிர்க்கவில்லை.
சண்டைக்கு வந்தவன்
முற்றத்தில் தூங்கிப்போனது மாதிரி
தளர்ந்து, இனித்துக் கிடந்தது.

பிடித்ததா என்றால் தெரியாது.
துப்பவில்லை.
இரண்டாவது வாயும் இறங்கியது.
மூன்றாவதில் ஒரு நீள வழுக்கல்
தொண்டையின் வாசலில் நின்று யோசித்தது.
கடதாசிக்கு வேலை வந்தது.
கோல் விழுந்ததுபோல் கைதட்டினான் பெஸ்னிக்.
என் மிச்சத்தையும் அவனே தின்றான்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.
பெஸ்னிக்குக் கோழி முட்டையின் மஞ்சள் ஆகாது,
பள்ளிக்கூட நாளிலிருந்தே.
செகாய் இந்த நாட்டில் ஏழு வருடமாகச்
சீஸுக்குத் தப்பி வாழ்கிறான்.
ரெகுலா, இங்கேயே பிறந்தவள்,
காளான் என்றால் மேசையை விட்டு எழுந்துவிடுவாளாம்.
அதை ராஜத்துரோகம்போலக் காதுக்குள் சொன்னாள்.
நான்கு பேரின் தட்டோரங்களைக் கூட்டினால்
ஒரு நல்ல விருந்து தேறும்.

யாரோ சிறுவன் எறிந்த வண்ணக் கடதாசித் துணுக்குகள்
தலையிலும் மூக்குக்கண்ணாடியிலும்.
சூடான வைன் குடித்து
ஆறு பாஷையில் சிரித்தோம்,
அதில் எனக்கு இரண்டு தெரியும்.

மறுநாள் இரவு
நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தேன்.
சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.
டப்பாவில் அதே உருளைக்கிழங்கு, அதே உப்பு.
செகாய் தன் புளித்த அப்பத்தில் ஒரு துண்டை
என் மூடியில் வைத்தான்.
அதன் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாளைக்கு என்றேன்.
சரி என்றான்.
"வயிறு எப்படி?" என்றாள் ரெகுலா.
"பரவாயில்லை" என்றேன்.

அன்று வாங்கிய சடை
சமையலறை ஆணியில் தொங்குகிறது.
ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை.
தை மாதத்தில் அடியிலிருந்த ஒன்று
யாரையும் கேளாமல் முளைவிட்டது.
பச்சை.
பெயர் தெரிந்த பச்சை.